இருட்டில் வெளுக்கும் இலை, வெளிச்சத்தில் வரும் பச்சை

குடியாத்தத்தை அடுத்த ஒரு கிராமத்திலிருந்து வாசகி ஒருவர் இரண்டு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதன் சாரம் இது. 'குழித்தட்டில் தக்காளி விதைத்தோம். நீங்கள் சொல்கிற மாதிரியே தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பாலித்தீன் தாள் போட்டு மூடினோம். நடுவில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் வந்துவிட்டது. எட்டாம் நாள் வந்து பிரித்தால், நாற்றெல்லாம் வெள்ளை நூல் மாதிரி நீண்டு, தலையில் மஞ்சளாக இரண்டு இலையோடு சாய்ந்து கிடக்கிறது. சத்துக் குறைவு என்று சொல்லி, கடையில் ஒரு பாட்டில் டானிக் கொடுத்தார்கள். அதைத் தெளித்து, வெயிலாவது படட்டும் என்று தட்டுகளைக் களத்தில் பரப்பினோம். மறுநாள் சாயங்காலத்துக்குள் பாதி நாற்று கருகிவிட்டது. விதை கோளாறா, மருந்து கோளாறா?'

அம்மா, விதையிலும் கோளாறில்லை, மருந்திலும் கோளாறில்லை. அந்த நாற்றுக்கு மூன்று நாள் வெளிச்சம் தாமதமாகிவிட்டது. பிறகு ஒரே நாளில் அளவுக்கு மீறிய வெளிச்சம் கிடைத்துவிட்டது. நடந்தது இவ்வளவுதான். டானிக்குக்குக் கொடுத்த பணம் மட்டும் வீண்.

இதற்கு நான்கு வரியில் பதில் எழுதி முடித்திருக்கலாம். ஆனால் வெளுத்த பயிரைப் பார்த்தவுடன் யூரியா மூட்டையையோ டானிக் பாட்டிலையோ தேடி ஓடுகிற பழக்கம் நம் பக்கத்தில் நாளுக்கு நாள் கூடி வருகிறது. அதனால் இலைக்குப் பச்சை எங்கிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பேசிவிடலாம் என்று தோன்றியது.

முளைப்பாரி ஏன் மஞ்சளாக இருக்கிறது?

மதுரை, சிவகங்கை, ராமநாதபுரம் பக்கம் அம்மன் கோயில் திருவிழா என்றால் முளைப்பாரி இல்லாமல் நடக்காது. மண்பானையில் எருவும் வைக்கோலும் இட்டு, நவதானியத்தைத் தூவி, இருட்டறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்ப்பார்கள். ஒரு வாரம், பத்து நாள் கழித்து எடுத்தால் பயிர் நெருக்கமாக, ஒரே உயரமாக, வெளிர் மஞ்சளாகத் தளதளவென்று நிற்கும். அந்த நிறத்துக்காகத்தான் அறையை இருட்டாக வைப்பதே. அதே விதையை அதே பானையில் போட்டுத் திண்ணையில் வைத்து வளர்த்துப் பாருங்கள். பயிர் குட்டையாகவும் பச்சையாகவும் வரும். யாரும் அதைத் தலையில் சுமந்து போகமாட்டார்கள்.

நம் ஊரிலும் இதற்குச் சாட்சிகள் உண்டு. வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு ஊரே கூடுகிறது. அப்படிப்பட்ட விசேஷங்களுக்குத் தோரணம் கட்ட வெட்டி வருகிற தென்னங்குருத்தைக் கவனித்திருப்பீர்கள். மரத்தின் உச்சியில், மடிப்பு விரியாமல் ஈட்டி போல நிற்கிற ஓலை. வெளி மடிப்பில் லேசாகப் பச்சை ஏறியிருக்கும், உள்ளே பிரித்தால் வெண்ணெய் நிறம். மரம் ஒன்று, வேர் ஒன்று, உரம் ஒன்று. கீழ் மட்டைகள் கரும்பச்சை, குருத்து மட்டும் வெளுப்பு. அதற்குச் சத்துக் குறைவு என்று யாராவது சொல்வார்களா? மடிப்புக்குள் வெளிச்சம் போகவில்லை. முட்டைக்கோஸின் உள் இலையும், மட்டைகளை உரித்துவிட்டு எடுக்கிற வாழைத்தண்டும் வெள்ளையாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

கடைசிக் கதவின் சாவி

இலையின் பச்சை நிறத்துக்குக் காரணமான பொருளைப் பச்சையம் என்கிறோம். 1817-ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் பெல்லெட்டியே, கவாந்து என்ற இரண்டு மருந்தியலாளர்கள் இதைப் பிரித்தெடுத்துக் குளோரோபில் என்று பெயர் வைத்தார்கள். மலேரியா காய்ச்சலுக்கான கொய்னாவை 1820-இல் சிங்கோனா மரப்பட்டையிலிருந்து பிரித்ததும் இதே இரண்டு பேர்தான். பிறகு பச்சையத்தின் அமைப்பை ஆராய்ந்ததற்காக ஜெர்மனியின் வில்ஸ்டாட்டருக்கு 1915-இல் நோபல் பரிசு கிடைத்தது.

பச்சையத்தின் நடுவில் ஒரு மெக்னீசிய அணு இருக்கிறது. அதைச் சுற்றி நான்கு தழைச்சத்து அணுக்கள், அதாவது நைட்ரஜன். நம் ரத்தத்துக்குச் சிவப்பு தருகிற பொருளும் கிட்டத்தட்ட இதே வார்ப்புதான். அங்கே நடுவில் மெக்னீசியத்துக்குப் பதில் இரும்பு உட்கார்ந்திருக்கும்.

செடி இந்தப் பச்சையத்தை ஒரே மூச்சில் செய்துவிடுவதில்லை. நெசவு நடக்கிற ஊர்க்காரர்களுக்கு விளங்கும்படி சொன்னால், நூலைச் சாயம் போட்டு, கஞ்சி போட்டு, பாவு ஓட்டி, தறியில் ஏற்றி, கடைசியில் லுங்கியாக அறுத்தெடுப்பது போல, படிப்படியாகத்தான் செய்கிறது. பத்துக்கும் மேற்பட்ட படிகள். இவற்றில் பெரும்பாலானவை இருட்டிலும் நடக்கும். ஆனால் முடிவுக்கு முந்தின ஒரு படியில் வேலை நின்றுவிடுகிறது. அந்த இடத்தில் பச்சையத்தின் முன்பொருள் ஒன்று தயாராகக் காத்திருக்கும். அதைப் பச்சையமாக மாற்றுகிற நொதியும் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு இருக்கும். இரண்டும் இருந்தும் வேலை நடக்காது. வெளிச்சம் மேலே விழுந்தால்தான் அந்த நொதி இயங்கும். விழுந்த மாத்திரத்தில், கண் இமைக்கிற நேரத்தைவிடக் குறைவாக, முன்பொருள் அடுத்த நிலைக்கு மாறிவிடும்.

நொதிகள் எல்லாம் சூடு, ஈரம், கார அமிலத் தன்மை இவற்றைப் பார்த்து வேலை செய்பவை. ஒவ்வொரு முறையும் வெளிச்சம் பட்டால்தான் வேலை செய்வேன் என்கிற நொதி உயிரினங்களில் மிக அபூர்வம். நெல், கடலை, தக்காளி, மா, தென்னை என்று நாம் பயிரிடுகிற பூக்கும் தாவரங்கள் எல்லாவற்றுக்கும் இந்த ஒரு நொதியை விட்டால் வேறு வழியில்லை. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் பார்க்கிற பைன் மரங்களுக்கு இன்னொரு நொதியும் உண்டு, அதற்கு வெளிச்சம் வேண்டியதில்லை. அதனால் பைன் விதை இருட்டில் முளைத்தாலும் ஓரளவு பச்சையாகவே வரும்.

இன்னொரு செய்தி. வெளிச்சத்தின் எல்லா நிறமும் இந்த வேலைக்கு ஒரே அளவில் உதவுவதில்லை. சிவப்பும் நீலமும்தான் முக்கியம். பச்சை ஒளியை இலை அதிகம் எடுத்துக்கொள்ளாமல் திருப்பி அனுப்புகிறது, அதனால்தான் நம் கண்ணுக்கு இலை பச்சையாகத் தெரிகிறது.

இருட்டில் செடி என்ன கணக்குப் போடுகிறது?

மண்ணுக்குள் இருக்கிற முளைக்குத் தான் எவ்வளவு ஆழத்தில் இருக்கிறோம் என்று தெரியாது. விதையில் இருக்கிற சேமிப்பு தீர்வதற்குள் மேலே வந்துவிட வேண்டும். அதனால் இலையை விரிக்காமல், பச்சையம் செய்வதில் செலவழிக்காமல், கையில் இருப்பதையெல்லாம் தண்டை நீட்டுவதில் போடுகிறது. தலையை வளைத்துக் கொக்கி போல வைத்துக்கொண்டு மண்ணை முட்டி மேலே வருகிறது. வெளிச்சம் பட்டவுடன் தண்டு நீள்வது குறைகிறது, கொக்கி நிமிர்கிறது, இலை விரிகிறது, பச்சையம் சேர ஆரம்பிக்கிறது. சில மணி நேரத்தில் இளம்பச்சை தெரியும். ஒன்று இரண்டு நாளில் முழுப் பச்சை வந்துவிடும்.

நம் வாசகியின் தட்டுகளில் இருந்த நாற்று, மூடிய தாளுக்குக் கீழே தான் இன்னும் மண்ணுக்குள்தான் இருக்கிறோம் என்றே நினைத்துக்கொண்டு நீண்டிருக்கிறது. விதையின் சேமிப்பு முழுவதும் அந்த வெள்ளைத் தண்டில் போய்விட்டது.

சரி, பிறகு வெயிலில் வைத்தபோது பச்சை வராமல் ஏன் கருகியது? முன்பொருள் என்று சொன்னேனே, அது ஒரு பொல்லாத சரக்கு. பச்சையமாக மாறாமல் தேங்கி நிற்கிறபோது அதன்மேல் கடும் வெயில் விழுந்தால், அது வெளிச்சத்தை உறிஞ்சி, பக்கத்தில் இருக்கிற ஆக்சிஜனைக் கொடிய வடிவத்துக்கு மாற்றிவிடும். அது இலைத் திசுவைச் சுட்டுவிடும். செடிக்கும் இந்த ஆபத்து தெரியும். அதனால் இருட்டில் முன்பொருள் ஓரளவு சேர்ந்ததும், மேற்கொண்டு உற்பத்தி வேண்டாம் என்று தானே மடையை அடைத்துவிடுகிறது. ஆனாலும் பல நாள் இருட்டில் கிடந்த நாற்றைத் திடீரென்று நம் வேலூர் மாவட்டத்து மத்தியான வெயிலில் வைத்தால் தாங்காது. மெல்லிய தண்டு, தடிக்காத இலைத்தோல், சின்ன வேர், இவையும் சேர்ந்துகொள்ள, உறிஞ்சுகிற தண்ணீரைவிட ஆவியாகிற தண்ணீர் அதிகமாகி நாற்று வாடிக் கருகிவிடும்.

ஆகவே குழித்தட்டு வைப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். தட்டுகளை அடுக்கி மூடுவது ஈரமும் கதகதப்பும் காக்கத்தான். தக்காளியானால் மூன்றாம் நாளிலிருந்து காலையும் மாலையும் மூடியைத் தூக்கிப் பாருங்கள். மிளகாய், கத்தரி சில நாள் கூடுதலாக எடுக்கும். அங்கொன்றும் இங்கொன்றுமாக முளை வளைந்து தலைகாட்டுகிறபோதே, எல்லாம் முளைக்கட்டும் என்று காத்திராமல், தட்டுகளைப் பிரித்து நிழல்வலைக்குள் பரப்பிவிடுங்கள். ஒரு தட்டில் 98 குழி. அடுக்கில் பத்துத் தட்டு இருந்தால் ஏறக்குறைய ஆயிரம் நாற்று. ஒரு நாள் சோம்பலுக்கு இது பெரிய விலை.

நிழல்வலையிலிருந்து நேராக வயலுக்குக் கொண்டு போவதும் தவறுதான். நடவுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே காலை வெயிலில் ஒரு மணி நேரம், மறுநாள் இரண்டு மணி நேரம் என்று பழக்குங்கள். தண்ணீரையும் கொஞ்சம் குறையுங்கள். வயலுக்குப் போய் இரண்டு நாள் துவண்டு கிடக்கிற நாற்று எது, நட்ட மறுநாளே நிமிர்கிற நாற்று எது என்று பார்த்தாலே பழக்கியவர் யார், பழக்காதவர் யார் என்று சொல்லிவிடலாம்.

மூடியைப் பிரிக்கத் தாமதமாகிவிட்டது, நாற்று வெளுத்துவிட்டது என்றால் என்ன செய்வது? ஓரிரு நாள் தாமதம் என்றால் காப்பாற்றலாம். வேப்பமரத்தடி போன்ற லேசான நிழலில் இரண்டு நாள் வையுங்கள், பச்சை ஏறிவிடும், பிறகு நிழல்வலைக்குக் கொண்டு போங்கள். விரல் நீளத்துக்கு நூலாகச் சாய்ந்துவிட்டது என்றால் மறுபடி விதைப்பதுதான் புத்திசாலித்தனம். அதைத் தேற்றி நட்டாலும் காற்றுக்கு நிற்காது.

திறந்த வெளியிலும் நாற்று நீளுகிறதே?

மேட்டுப்பாத்தியில் நல்ல வெயிலில்தான் விதைத்தேன், அப்படியும் நாற்று வெளிறி உயரமாகிவிட்டது என்று சிலர் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் விதை நெருக்கம் அதிகமாக இருக்கும்.

செடியில் சிவப்பு ஒளியையும், அதற்கு அப்பால் நம் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத தூரச்சிவப்பு ஒளியையும் தனித்தனியாக உணர்கிற ஒரு நிறமி இருக்கிறது. பைட்டோகுரோம் என்று பெயர். 1959-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் பெல்ட்ஸ்வில் ஆராய்ச்சி மையத்தில் இதைக் கண்டறிந்தார்கள். பக்கத்துச் செடியின் இலை சிவப்பு ஒளியைத் தின்றுவிட்டு, தூரச்சிவப்பைக் கடத்திவிடும். அந்த மிச்ச வெளிச்சம் மேலே விழுந்தால், பக்கத்தில் போட்டிக்கு ஆள் இருக்கிறது என்று நாற்று தெரிந்துகொண்டு, பச்சையத்தையும் இலையையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தண்டை நீட்ட ஆரம்பிக்கும். ஆகவே நாற்றங்காலில் விதையைக் கைக்கு வந்தபடி தூவாமல் வரிசையாகக் கோடு கிழித்துப் போடுங்கள். ஓசூர் பக்கம் பசுமைக்குடிலில் சாமந்தி வளர்ப்பவர்கள் ராத்திரியில் விளக்கு எரிப்பதும் இதே நிறமியை ஏமாற்றத்தான். அங்கே நோக்கம் பூப்பதைத் தள்ளிப்போடுவது.

நிழல் வேறு, இருட்டு வேறு

இவ்வளவும் படித்துவிட்டு, வெயில் கூடக் கூடப் பச்சை கூடும் என்று முடிவுகட்டிவிட வேண்டாம். வெற்றிலைக் கொடிக்காலில் அகத்தி நிழலில் வளர்கிற கொடியைப் பாருங்கள். இலை அகலமாக, மெல்லியதாக, கரும்பச்சையாக இருக்கும். அகத்தி விழுந்து வெயில் நேராக அடிக்கிற மூலையில் அதே கொடியின் இலை சிறுத்து, தடித்து, மஞ்சள் கலந்து நிற்கும். நிழலில் கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தை வீணாக்காமல் பிடிக்க, செடி இலையை அகலமாக்கி, எடைக்கு எடை பச்சையத்தைக் கூடுதலாக வைத்துக்கொள்கிறது. கொளுத்துகிற வெயிலில் அவ்வளவு பச்சையம் இருந்தால் ஆபத்து என்று குறைத்துக்கொள்கிறது. பச்சையத்தைச் செய்யத் தேவைப்படுகிற வெளிச்சம் கொஞ்சம்தான். அந்தப் பச்சையத்தை வைத்து மாவுச்சத்து செய்யத்தான் நிறைய வெளிச்சம் வேண்டும். இலை கரும்பச்சையாக இருப்பதாலேயே விளைச்சல் அதிகம் வரும் என்று நினைத்துவிடாதீர்கள். தென்னந்தோப்பு நிழலில் தளதளவென்று நிற்கிற கத்தரி காய்க்காமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

முழு நிழல் விழுகிற அடி இலைகளின் கதை வேறு. கரும்பு ஆளுயரம் வளர்ந்தபின் அடிச்சோகை தானாகப் பழுத்துக் காய்கிறது. வெளிச்சம் கிடைக்காத இலையை வைத்துக்கொண்டு செடிக்கு லாபமில்லை, அதில் இருக்கிற தழைச்சத்தை உருவி மேல் இலைக்கு அனுப்பிவிடுகிறது. ஐந்தாம் மாதமும் ஏழாம் மாதமும் சோகை உரிக்கச் சொல்வது இதனால்தான். அதைப் பார்த்து யூரியா வைக்காதீர்கள்.

இருட்டைத் தேடிப்போகிற கடலை

நம் மாவட்டத்து மானாவாரிக் கொல்லைகளில் வேர்க்கடலைக்குத்தான் முதலிடம். மல்லாட்டை என்று சொல்கிறவர்களும் உண்டு. பூ வெளிச்சத்தில், காய் இருட்டில் என்று இரண்டு உலகத்தில் வாழ்கிற பயிர் இது. பூ கருவுற்றபின் விழுது இறங்குகிறது. மண்ணுக்கு மேலே இருக்கிற வரை அந்த விழுது நீளுமே தவிர, நுனி பருக்காது. மண்ணுக்குள் போய் வெளிச்சம் நின்ற பிறகுதான் நுனி திரண்டு காயாகிறது. வெளிச்சமே காய் திரள்வதைத் தடுத்து வைத்திருக்கிறது.

இறவைப் பயிரில் 40, 45-ஆம் நாளில் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கச் சொல்கிறோமே, அதற்கு இரண்டு காரணம். ஜிப்சத்தின் சுண்ணாம்புச்சத்தைக் காய் மண்ணிலிருந்து நேரடியாக எடுத்துக்கொள்ளும். அணைத்த மண், அந்தரத்தில் தொங்குகிற விழுதுகளுக்கு இருட்டைக் கொண்டுபோய்க் கொடுக்கும். ஜிப்சம் போட்டுவிட்டு ஆள் கிடைக்கவில்லை என்று மண் அணைக்காமல் விட்டவர்கள், பிடுங்கும்போது செடியில் காயாகாமல் தொங்குகிற விழுதுகளை எண்ணிப் பாருங்கள். அணைத்தபின் கொல்லைக்குள் களைக்கொத்தை எடுத்துக்கொண்டு இறங்கவும் கூடாது, விழுது அறுந்துவிடும்.

உருளைக்கிழங்குக்கும் இருட்டுதான் நல்லது. கடை வெளிச்சத்தில் நாள் கணக்கில் கிடந்தால் தோல் பச்சையாகும். அந்தப் பச்சையம் கெடுதல் செய்யாது. ஆனால் அதே வெளிச்சத்தால் கூடவே சோலனின் என்ற கசப்பு நஞ்சும் ஏறுகிறது. பச்சைப் பகுதியை ஆழமாகச் சீவி எறியுங்கள், கிழங்கே கசந்தால் சமைக்காதீர்கள். வீட்டில் சாக்குப்பை போட்டு மூடி வைத்தால் போதும்.

வெளிச்சம் இருந்தும் வெளுத்தால்

இனிதான் பணம் போகிற இடம். வயலில் வெயிலுக்குக் குறைவில்லை. அப்படியும் பயிர் மஞ்சளானால், பச்சையம் செய்கிற சரக்கில் ஏதோ குறைகிறது, அல்லது நோய், அல்லது தண்ணீர். எது என்று கண்டுபிடிக்க முதலில் எந்த இலை மஞ்சளாகிறது என்று பாருங்கள்.

அடி இலை முழுவதும் ஒரே சீராக மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. அடி இலையில் நரம்பு பச்சையாக நின்று இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். இந்த இரண்டையும் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புது இலைக்கு அனுப்ப முடியும், அதனால் கிழட்டு இலை முதலில் வெளுக்கிறது. குருத்து இலை வெளுத்து, அடி இலை பச்சையாகவே இருந்தால் இரும்பு அல்லது கந்தகம். நரம்பு பச்சை, நடுவில் மஞ்சள் என்றால் இரும்பு. முற்றினால் குருத்து காகிதம் போல வெள்ளையாகிவிடும். இலை முழுவதும் சீராக வெளுத்தால் கந்தகம்.

பச்சையத்தில் இரும்பு இல்லையே, நடுவில் மெக்னீசியம்தானே என்று கேட்கலாம். நல்ல கேள்வி. லுங்கியில் தறி இல்லை, ஆனால் தறி இல்லாமல் லுங்கி இல்லை. பச்சையம் செய்கிற படிகளில் இரும்பு இல்லாமல் நகராத படி இருக்கிறது.

சுக்கான் கல் கலந்த சுண்ணாம்பு மண்ணில் இந்த இரும்புக் குறைபாடு கடலையிலும் கரும்பிலும் அடிக்கடி வருகிறது. மண்ணில் இரும்பு நிறையவே இருக்கும், ஆனால் காரத்தன்மையால் கரையாமல் பூட்டிக்கிடக்கும். தண்ணீர் தேங்கினால் இன்னும் மோசம். இங்கே யூரியா போட்டால் ஒன்றும் ஆகாது. சோதிக்க ஒரு எளிய வழி உண்டு. ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் அன்னபேதி உப்பைக் கரைத்து, ஒரு கிராம் சிட்ரிக் அமிலம் அல்லது கொஞ்சம் எலுமிச்சைச் சாறு சேருங்கள். இதைப் பஞ்சில் நனைத்து நான்கைந்து வெளுத்த இலைகளில் ஒரு பக்கம் மட்டும் தடவி, குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். சில நாளில் தடவிய இடம் மட்டும் பச்சையானால் இரும்புக் குறைதான். அப்போது அதே கரைசலை மாலை வேளையில் இலை நனைய வயல் முழுவதும் தெளியுங்கள். பத்து, பதினைந்து நாள் இடைவெளியில் இரண்டு மூன்று முறை தேவைப்படும். அப்போதைக்கப்போது கரைத்துத் தெளிக்க வேண்டும், காவி நிறமான பழைய கரைசல் பயன்படாது. அன்னபேதி கிலோ என்ன விலை, டானிக் லிட்டர் என்ன விலை என்று கடையில் கேட்டுப் பாருங்கள்.

உளுந்து, பச்சைப்பயறில் பளிச்சென்ற மஞ்சள் திட்டுத்திட்டாக வந்தால் அது மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ். எந்த உப்பும் அதைப் பச்சையாக்காது. ஆரம்பத்திலேயே அந்தச் செடிகளைப் பிடுங்கி அழித்துவிடுங்கள்.

நெல்லுக்கு இலை வண்ண அட்டை இருக்கிறது. நட்ட 14-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்துக் குத்துகளில் முழுதாக விரிந்த இளம் இலையை அட்டையோடு வைத்துப் பாருங்கள். பத்தில் ஆறும் அதற்கு மேலும் 4-ஆம் எண்ணுக்குக் கீழே இருந்தால்தான் தழைச்சத்து மேலுரம். வெள்ளைப் பொன்னிக்கு 3-ஆம் எண். இலை மேல் வெயில் விழுந்தால் கண்ணுக்கு வெளிறித் தெரியும், அதனால் உங்கள் முதுகைச் சூரியனுக்குக் காட்டி, உடம்பின் நிழலில் வைத்துப் படியுங்கள். ஒரே ஆள் பார்ப்பது நல்லது, என் கண்ணும் உங்கள் கண்ணும் ஒரே பச்சையைப் பார்ப்பதில்லை.

இந்த இதழுக்கு வந்த இரண்டு கேள்விகள்

*'எங்கள் கிணறு பாலாற்றை ஒட்டி ஆம்பூர் பக்கம் இருக்கிறது. தென்னை ஓலை நுனியும் வாழை இலை ஓரமும் காய்கிறது. இரும்பு உப்பு அடிக்கலாமா?'*

வேண்டாம். ஓரமும் நுனியும் காய்வது பச்சையம் செய்ய முடியாததால் அல்ல, தண்ணீரில் இருக்கிற உப்பால் இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். தோல் பதப்படுத்தத் தோலைக் கெடாமல் காக்கிற உப்பு, கழுவும்போது கழிவுநீரில் போய்ச் சேர்கிறது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்டில் தீர்ப்புச் சொன்னதும், இழப்பீடு கணக்கிட ஏற்பாடு செய்யச் சொன்னதும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். நிலத்தடியில் இறங்கிவிட்ட உப்பு அவ்வளவு சீக்கிரம் போவதில்லை. கிணற்று நீரை அரை மணி நேரம் இறைத்தபின் ஒரு லிட்டர் பிடித்து, மண்ணையும் சேர்த்து, மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். உப்பின் அளவும், அதில் சோடியம் எவ்வளவு என்பதும் தெரிந்தால்தான் ஜிப்சம் பயன்படுமா, பயிரை மாற்ற வேண்டுமா என்று சொல்ல முடியும். முடிவுத்தாளோடு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ உங்கள் வட்டார வேளாண்மை அலுவலகத்தையோ அணுகுங்கள். அதுவரை மழைநீர் தேங்குகிற நாட்களில் வரப்பை உயர்த்தி, வயலிலேயே தண்ணீரை நிறுத்தி உப்பைக் கீழே இறக்குங்கள். மூடாக்கு போடுங்கள்.

*'மாட்டுக்கு மக்காச்சோளத்தைத் தட்டில் மண் இல்லாமல் வளர்க்கிறோம். அறைக்குள் மஞ்சளாகத்தான் வருகிறது. மாட்டுக்குக் கெடுதலா? பச்சையாக்க உரத்தண்ணீர் தெளிக்கலாமா?'*

கெடுதல் இல்லை, முளைப்பாரியைப் போன்றதுதான். உரத்தண்ணீர் தேவையில்லை. ஐந்தாம் நாளுக்குமேல் தட்டுகளை ஜன்னல் ஓரத்துக்கோ நிழல்வலைக்கோ மாற்றினால், எடுப்பதற்குள் பச்சை ஏறிவிடும். மஞ்சளைவிடப் பூஞ்சணத்துக்குப் பயப்படுங்கள். அடியில் கறுப்பாகவோ புளித்த நாற்றமாகவோ இருந்தால் அந்தத் தட்டை மாட்டுக்குப் போடாமல் எருக்குழியில் கொட்டிவிட்டு, தட்டைக் கழுவி வெயிலில் காயவைத்து மறுபடி விதையுங்கள்.